நாலு மணி நேரக் கணக்கு, நாள் முழுக்க உழைப்பு

காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. ஓசூர் சிப்காட்டில் பெரும்பாலான ஆலைகளில் ஷிப்ட் மாறும் நேரம் இதுதான். கேட்டில் கார்டைக் காட்டி உள்ளே போன நிமிடம் கணக்கில் ஏறும், வெளியே வந்த நிமிடமும் ஏறும். ஓ.டி. பார்த்தால் இரட்டைச் சம்பளம் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எழுதிவைத்தது. அந்த ஓ.டி.யைக் கணக்கில் காட்டாமல் விழுங்கப் பார்க்கும் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுவது எப்படி என்று இந்த ஊர்த் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே ஊரிலிருந்து பஸ் ஏறினால் தேன்கனிக்கோட்டை. அதையும் தாண்டிக் காட்டுப் பாதையில் இறங்கினால் அஞ்செட்டி, உரிகம், நாட்ராம்பாளையம். அங்கே மத்திய அரசின் வேலையைச் செய்கிற ஒருவருக்கு, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஐந்து மணி நேரம் வேலை என்று ஏட்டில் எழுதி, அந்த நேரத்துக்கு மட்டும் பணம் தருகிறார்கள். அவர்தான் கிராம அஞ்சல் ஊழியர். ஊருக்கு அவர் போஸ்ட்மேன் அல்லது போஸ்ட் மாஸ்டர். இலாகாவுக்கு ஜி.டி.எஸ். பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய ‘ஈ.டி.’ தான், அதாவது இலாகா சாராத ஊழியர். நாடு முழுக்க இவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 2018இல் மத்திய அமைச்சரவை சொன்ன கணக்குப்படி 1,29,346 கிளை அஞ்சலகங்கள் இவர்கள் தோளில்தான் நிற்கின்றன. இந்தியாவின் கிராமத் தபால் என்று நாம் சொல்வது ஏறக்குறைய முழுவதும் இவர்களுடைய உழைப்பு.

அந்த நாலு மணி நேரத்துக்குள் என்னவெல்லாம் அடங்குகிறது என்று பாருங்கள். காலையில் பெரிய அஞ்சலகத்திலிருந்து பை வந்து சேர வேண்டும். வாய்க்கட்டின் சீல் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்து, உள்ளே இருக்கும் சீட்டோடு தபால்களையும் பணத்தையும் ஒத்துப்பார்த்து, தேதி முத்திரை குத்தி, கைக்கருவியில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத கிராமத்தில் கருவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கோ மொட்டை மாடிக்கோ போய் நிற்க வேண்டும். பிறகு பட்டுவாடா. ஆதார் அட்டை, ஏ.டி.எம். கார்டு, நகைக்கடன் ஏல நோட்டீஸ், கோர்ட் சம்மன், பிள்ளைக்கு வந்த வேலை உத்தரவு. ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சில கிலோமீட்டர் காடு. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் ஜவளகிரி, தளி பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கினால் எந்தப் பாதையில் போவது என்று வனத்துறையின் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப முடியும்.

பட்டுவாடாவோடு வேலை முடிந்துவிடுவதில்லை. 2018 செப்டம்பர் 1ஆம் தேதி அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி தொடங்கப்பட்ட பிறகு தபால்காரரே நடமாடும் வங்கியாகிவிட்டார். நூறு நாள் வேலைக் கூலியையோ உதவித்தொகையையோ எடுக்க வருகிற பாட்டி கருவியில் விரலை வைக்கிறார். மண்ணிலும் களையிலும் தேய்ந்த விரல், ரேகை பதியவில்லை. கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, கட்டை விரல் இல்லையென்றால் ஆள்காட்டி விரல், அதுவும் இல்லையென்றால் இடது கை. ஒரு ஆளுக்கே இப்படிக் கால் மணி நேரம் ஓடிவிடும். வரிசையில் இன்னும் நாலைந்து பேர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் யாரையும் ‘என் நேரம் முடிந்தது, நாளைக்கு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்ப அந்த ஊழியரால் முடியாது. அதே ஊரில் குடியிருப்பவர் அவர்.

மாலையில் ஆர்.டி., செல்வமகள் சேமிப்பு, கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு எல்லாவற்றின் கணக்கையும் முடித்து, பையைக் கட்டி, சீல் வைத்து அனுப்ப வேண்டும். இதற்கு மேல் மாதா மாதம் டார்கெட் உண்டு. இத்தனை புதுக் கணக்கு, இத்தனை பாலிசி என்று மேலிருந்து போன் மேல் போன். கிளை அஞ்சலகத்துக்கு இடம் பார்த்துத் தருவதும் போஸ்ட் மாஸ்டர் பொறுப்புதான். பலர் தங்கள் வீட்டு முன்னறையையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

இது நாலு மணி நேர வேலை என்று யாராவது சொன்னால் அது பொய். அந்தப் பொய்யின் மேல்தான் நம் பொதுத் தபால் சேவை ஓடிக்கொண்டிருக்கிறது. கிராம அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் கேட்பது இந்தப் பொய்யை ஏட்டிலிருந்து அழித்துவிட்டு, எட்டு மணி நேரம் என்று எழுதச் சொல்லித்தான்.

இந்தக் கோரிக்கைக்கு வயது அதிகம். 1977இல் கேரளத்து ஈ.டி. ஊழியர் ராஜம்மா தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்கள் வகிப்பது அரசின் குடிமைப் பதவியே என்று தீர்ப்பளித்தது. விசாரணை இல்லாமல் நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பு அதனால் கிடைத்தது. ஆனால் அரசு ஊழியருக்குரிய சம்பள விகிதமும் ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. துறையின் விதிகள் இன்றுவரை இவர்களை வழக்கமான அரசுப் பணிக்கு வெளியேதான் வைத்திருக்கின்றன. வேறு வருமானம் இருக்க வேண்டும் என்பதும் விதி. இவ்வளவு வேலையை வாங்கிக்கொண்டு, பிழைப்புக்கு வேறு வழி பார்த்துக்கொள் என்று சொல்வது என்ன நியாயம்?

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஊதியக் குழு அமைக்கும்போதெல்லாம் இவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, தனியாக ஒரு குழு போடுவது வழக்கமாகிவிட்டது. நான்காவது ஊதியக் குழுவை ஒட்டி சவூர் குழு. ஐந்தாவதை ஒட்டி நீதிபதி தல்வார் குழு. ஆறாவதை ஒட்டி நடராஜ மூர்த்தி குழு. ஏழாவதை ஒட்டி கமலேஷ் சந்திரா குழு. ஒவ்வொரு குழுவின் அறிக்கையும் வந்த பிறகு, அதை நடைமுறைப்படுத்தச் சொல்லித் தனியாகப் போராட வேண்டியிருந்தது. 2000 டிசம்பரில் 14 நாள் அஞ்சல் வேலைநிறுத்தம் நடந்தபோதும் ஈ.டி. ஊழியர்களை இலாகா ஊழியர்களாக்கு என்பது முக்கியமான கோரிக்கை.

கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. ஒன்றரை ஆண்டு அது கிடப்பில் கிடந்தது. 2018 மே 22 அன்று கிராம அஞ்சல் ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். 16 நாள் கிளை அஞ்சலகங்கள் பூட்டிக் கிடந்தன. ஜூன் 6 அன்று மத்திய அமைச்சரவை ஊதிய உயர்வுக்கு ஒப்புதல் தந்தது. கிளை போஸ்ட் மாஸ்டருக்கு நான்கு மணி நேரத்துக்கு 12,000, ஐந்து மணி நேரத்துக்கு 14,500 ரூபாய். உதவி போஸ்ட் மாஸ்டருக்கும் தபால் ஊழியருக்கும் 10,000, 12,000 ரூபாய். கூடவே அகவிலைப்படி. ஒப்புதல் சும்மா வரவில்லை, அரசும் தானாக மனமிரங்கவில்லை. பதினாறு நாள் கூலியைப் பணயம் வைத்து வாங்கிய உயர்வு அது.

வாங்காமல் விட்டுப்போனவையும் இருந்தன. 2023 டிசம்பர் 12 அன்று மறுபடியும் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. கேட்டவை இவை: எட்டு மணி நேர வேலையும் அதற்கான ஊதியமும் ஓய்வூதியமும் வேண்டும், 12, 24, 36 ஆண்டு பணி முடித்தவர்களுக்குச் சிறப்பு ஊதிய உயர்வு வேண்டும், பணிக்கொடை உச்சவரம்பை ஒன்றரை லட்சத்திலிருந்து 5 லட்சமாக்க வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், டார்கெட் தொல்லை ஒழிய வேண்டும். இவற்றில் பணிக்கொடையும் சிறப்பு உயர்வும் அரசே அமைத்த கமலேஷ் சந்திரா குழு பரிந்துரைத்தவை. அரசே போட்ட குழு சொன்னதைத் தரச் சொல்லி வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது என்பதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இப்போது எட்டாவது ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புகளுக்கு 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அதில் கிராம அஞ்சல் ஊழியர் பெயர் இல்லை. மறுபடியும் வாசல்தான்.

சங்கத்தின் கையைக் கட்டும் வேலையும் நடந்தது. 2023 ஏப்ரலில் தேசிய அஞ்சல் ஊழியர் சம்மேளனத்துக்கும் அதன் குரூப் சி சங்கத்துக்கும் அளித்திருந்த அங்கீகாரத்தை அஞ்சல் துறை ரத்து செய்தது. விவசாயிகள் போராட்டத்துக்கு நிதி கொடுத்தார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. டெல்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேலாக உட்கார்ந்திருந்த விவசாயிக்கு, அவன் வீட்டுக்குத் தபால் கொண்டுபோகிறவன் கைகொடுத்தது குற்றமாம். ஒரு துறையின் தொழிலாளி இன்னொரு துறையின் தொழிலாளிக்குத் துணை நிற்பதைக் கண்டு பயந்தால்தான் இப்படி ஒரு உத்தரவு வரும்.

அந்தப் பயத்துக்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1946 ஜூலை 11 அன்று தபால்காரர்களும் கீழ்நிலை ஊழியர்களும் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். போர்க்கால விலைவாசி ஏழைச் சம்பளத்தை அரித்துத் தின்றிருந்தது. தந்தி ஊழியர்களும் தொலைபேசி ஊழியர்களும் அடுத்தடுத்து சேர்ந்துகொண்டார்கள். ஜூலை 29 அன்று கல்கத்தாவில் பொது வேலைநிறுத்தம். டிராம் ஓடவில்லை, ஆலை ஓடவில்லை, கடை திறக்கவில்லை. தங்களுக்காக ஒரு பைசாகூடக் கேட்காமல், தபால்காரனுக்காக ஒரு மாநகரமே வேலையை நிறுத்தியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தபோது கோரிக்கைகளில் கணிசமானவற்றை அரசு ஏற்றிருந்தது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இது. கல்கத்தாவில் அன்று டிராமை நிறுத்தியவர்கள் செய்ததை ஓசூரில் ஆட்டோமொபைல் தொழிலாளியும் கைக்கடிகாரம் செய்கிறவரும் செய்ய முடியாதா என்று அதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

ஏனென்றால் ஓசூர்த் தொழிலாளியின் உரிமை தபாலில்தான் வந்து போகிறது. குற்றப்பத்திரிகை, விசாரணை நோட்டீஸ், வேலைநீக்க உத்தரவு எல்லாம் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு வரும். அதற்குத் தொழிலாளி எழுதும் பதிலும் தொழிலாளர் அலுவலருக்குப் போகும் மனுவும் அப்படித்தான் போகும். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது சேர்ந்ததாகவே கருதப்படும் என்று 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் சொல்கிறது. ‘எனக்குக் கடிதமே வரவில்லை’ என்று நிர்வாகம் கைவிரிக்க முடியாமல் போனதற்கு ஒரு சிறிய அட்டையும் அதில் விழுந்த கையெழுத்தும் காரணம்.

அந்தப் பதிவுத் தபால் 2025 அக்டோபர் 1 முதல் தனிச் சேவையாக இல்லை. ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கூடுதலாக 5 ரூபாயும் வரியும் கட்டினால் பதிவு என்ற வசதி கிடைக்கும். வேகம் கூடும் என்கிறார்கள், கூடட்டும். ஆனால் வேகம் தேவைப்படாத, ஆதாரம் மட்டும் தேவைப்படுகிற ஏழைக்குக் குறைந்த செலவில் இருந்த ஒரு வழி போய்விட்டது. இதற்கு முன், 2024 டிசம்பரில், புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் பதிவு செய்து அனுப்பும் சேவையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினார்கள். சிறு பதிப்பகங்களும் சிற்றிதழ்காரர்களும் தவித்துப்போனார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2025 மே முதல் தேதி ‘ஞான் போஸ்ட்’ என்று வேறொன்று வந்தது. கேட்டால்தான் கிடைக்கிறது என்பதற்கு இதுவும் சாட்சி.

2023ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் இதையெல்லாம்விடப் பெரிய மாற்றம். 1898ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்து 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடிதம் கொண்டுசெல்வதில் அரசுக்கு இருந்த தனியுரிமை இந்தச் சட்டத்தில் கிடையாது. நடைமுறையில் கூரியர்கள் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் லாபம் தரும் நகரத் தபாலைத் தனியார் எடுத்துக்கொள்ள, நஷ்டம் தரும் மலைத் தபால் அரசின் தலையில் மிஞ்சினால், ‘நஷ்டம் வருகிறதே, எதற்குக் கிளை அஞ்சலகம்?’ என்ற கேள்வி அடுத்து வரும். ஓசூர் சிப்காட்டில் தடுக்கி விழுந்தால் கூரியர் ஆபீஸ். உரிகத்தில் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். மலைக் கிராமத்துக்குப் பார்சல் வந்தால் போன் செய்து, கீழே டவுனுக்கு வந்து வாங்கிக்கொள் என்பார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போட்டு இறங்கி வர வேண்டியது வாங்குகிறவர் பாடு.

கேள்வியை அப்படி வளரவிட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு உலகத்தில் உதாரணம் இருக்கிறது. டென்மார்க்கில் 1624இல் தொடங்கிய அரசுத் தபாலின் வழிவந்த நிறுவனம் 2025 டிசம்பர் 30 அன்று கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. தெருவோரம் நின்ற சிவப்புத் தபால் பெட்டிகள் 1,500ஐயும் பிடுங்கிவிட்டார்கள். பிரிட்டனில் ராயல் மெயில் 2013இல் தனியாருக்குப் போனது. 2022இல் அதன் ஊழியர்கள் 18 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025இல் அது ஒரு செக் நாட்டுக் கோடீஸ்வரரின் குழுமத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து இரண்டாம் வகுப்புக் கடிதம் அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பட்டுவாடா. டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு இணையம் இருக்கிறது, அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். விரல் ரேகை பதியாத பாட்டி எப்படிச் சமாளிப்பார்?

கடிதம் குறைந்துவிட்டதே, செல்போன் காலத்தில் தபால்காரர் எதற்கு என்று கேட்கிறவர்கள் மத்திகிரி, ஜூஜூவாடி லைன் வீடுகளுக்குள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். ஒரே கதவு எண்ணில் பத்து அறை. ஒரு அறையில் ஒடிசாக்காரர்கள், அடுத்ததில் ஜார்க்கண்ட், அதற்கடுத்து தருமபுரி. முகவரியில் எண் இருக்காது, ‘தண்ணீர்த் தொட்டி பின்புறம்’ என்று இருக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என்று எல்லாம் புழங்குகிற ஊரில் எழுத்தைப் படித்தால் மட்டும் போதாது, ஆளையும் தெரிந்திருக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவன் எந்த அறை, மதிய ஷிப்ட்டுக்குக் கிளம்பப்போகிறவன் எந்த அறை என்று அறிந்த தபால்காரர்தான் ஏ.டி.எம். கார்டை உரியவன் கையில் சேர்க்க முடியும். முகவரியும் மொழியும் ஆளும் தெரிந்தவர்தான் தபால் வேலைக்கு வேண்டும் என்பதைத் தமிழ்நாடு சண்டை போட்டே நிலைநாட்டியிருக்கிறது. தபால்காரர் தேர்வில் வட மாநிலத்தவர் தமிழ்ப் பாடத்தில் அள்ளி மதிப்பெண் வாங்கியதாக 2017இல் வந்த முடிவு சந்தேகத்துக்குள்ளாகி ரத்தானது. 2019 ஜூலை 14 அன்று தமிழ் இல்லாமல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் நடத்திய தேர்வு, மாநிலங்களவையில் எழுந்த அமளிக்குப் பிறகு இரண்டே நாளில் ரத்தானது.

வேலைநிறுத்தம் நடந்தால் கஷ்டப்படுவது ஏழைகள்தானே என்பது இன்னொரு வாதம். உண்மைதான். 2018இல் அந்தப் பதினாறு நாளும் உதவித்தொகைக்குக் காத்திருந்தவர்கள் கஷ்டப்பட்டார்கள். அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றரை ஆண்டு அறிக்கையைப் பூட்டிவைத்தவர்களைக் கேட்காமல், கடைசி வழியாக வேலையை நிறுத்தியவரைக் கேட்பது முறையல்ல. வேலை இல்லையேல் ஊதியம் இல்லை என்ற விதிப்படி அந்த நாட்களின் கூலி போவது ஊழியருக்கு. ஓய்வூதியம் இல்லாமல் 65 வயதில் பையை இறக்கி வைக்கப்போகிறவர் அவர்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார வாசகர்கள் கையில் எடுக்கக்கூடிய வேலை இருக்கிறது. முதலாவது, கணக்கு. கிளை அஞ்சலகத்தின் வேலைப் பளுவையும் வருவாயையும் வைத்துத்தான் அதன் ஊழியருக்கு நான்கு மணி நேரமா, ஐந்து மணி நேரமா என்பதே முடிவாகிறது. சொந்த ஊர் கெலமங்கலம் பக்கமோ பேரிகை பக்கமோ இருந்து, வேலை சிப்காட்டில் என்றால், ஆர்.டி.யையும் மகளின் செல்வமகள் கணக்கையும் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் தொடங்குங்கள். அது அந்த அலுவலகத்தை மூடவிடாமல் தாங்கும்.

இரண்டாவது, சங்கம். இங்குள்ள ஆலைச் சங்கங்கள் மே தின மேடையில் தங்கள் கோரிக்கைகளோடு கிராம அஞ்சல் ஊழியரின் எட்டு மணி நேரத்தையும் ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். எட்டு மணி நேரத்துக்காகப் பிறந்த நாளில் அதைப் பேசாமல் வேறு எப்போது பேசுவது? அடுத்த வேலைநிறுத்தத்தின்போது கேட் கூட்டத்தில் ஒரு உண்டியல் சுற்றினால், கூலி இழந்த ஊழியரின் வீட்டு அடுப்பு எரியும்.

மூன்றாவது, கிராம சபை. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 போன்ற, அது கூடும் நாட்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தை மூடக் கூடாது, அதன் ஊழியரை முழுநேர ஊழியராக்க வேண்டும், எட்டாவது ஊதியக் குழுவில் அவர்களைச் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போடலாம். நகலைத் தொகுதி எம்.பி.க்கும், கிருஷ்ணகிரி கோட்ட அஞ்சல் கண்காணிப்பாளருக்கும், டெல்லியில் தகவல் தொடர்பு அமைச்சருக்கும் அனுப்புங்கள். டவுனுக்குப் போய் அனுப்பாமல், உங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்திலேயே பணம் கட்டி ரசீது வாங்குங்கள். அந்தக் கட்டணமும் அதன் வருவாய்க் கணக்கில்தான் ஏறும்.